பனிக்காலத்தில் ஆல்ப்ஸைக் கடந்து

ஐரோப்பாவின் தேசப்படத்தை விரித்துப் பார்க்கும் மாணவர், அக்கண்டத்தின் நடுவே வில்லைப்போல் வளைந்து கிடக்கும் ஒரு மலைத்தொடரைக் காண்பர். அதுவே ஆல்ப்ஸ். ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் நீளமுள்ள இம்மலைத்தொடரைப் பிரான்ஸ், மொனாக்கோ, இத்தாலி, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுலொவீனியா என எட்டு நாடுகள் தம்முள் பங்கிட்டுக்கொண்டுள்ளன. அதன் மிக உயர்ந்த சிகரமாகிய மோன் பிளாங்க் 4,800 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் உடையது. வடக்கே குளிர்ந்த சமவெளி. தெற்கே மத்தியதரைக் கடலை நோக்கிய இளஞ்சூட்டு நிலம். இவ்விரண்டுக்கும் இடையே இயற்கை எழுப்பிய பெருமதில் இது.

இம்மதிலைத் தாண்டுவது எக்காலத்தும் மனிதனுக்கு ஒரு சோதனையாகவே இருந்து வந்துள்ளது. கி.மு. 218-இல் கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹானிபால் யானைகளோடு இதனைக் கடந்தான். படையில் பெரும்பகுதியை வழியிலேயே இழந்தான். கடல்மட்டத்துக்கு 2,469 மீட்டர் உயரத்திலுள்ள பெரிய செயின்ட் பெர்னார்டு கணவாயில், பதினோராம் நூற்றாண்டில் துறவியர் ஒரு விடுதி அமைத்து, பனியில் வழி தப்பியவர்களைத் தேடிக் காத்தனர். அவ்விடுதியின் பெயரையே அங்கு வளர்ந்த நாயினமும் பெற்றது. பனிக்காலத்தில் ஆல்ப்ஸைக் கடப்பது உயிரைப் பணயம் வைக்கும் செயல் என்பதற்கு இவ்விடுதியே போதிய சான்று.

இன்றோ, குழந்தைகளைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு, ஒரு குடும்பம் டிசம்பர் மாதத்தில் காரில் ஏறி, காலையில் ஜெர்மனியில் சிற்றுண்டி அருந்தி, நண்பகலில் ஆஸ்திரியாவைக் கடந்து, மாலையில் இத்தாலியில் இளைப்பாறலாம். மலை தாழ்ந்துவிடவில்லை, பனியும் பொழிவதை நிறுத்திவிடவில்லை. பின், இம்மாறுதல் எங்ஙனம் நிகழ்ந்தது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

மியூனிச் நகரில் பணியாற்றும் என் மகனின் குடும்பத்தோடு 2024 டிசம்பர் இறுதியில் நான் இவ்வழியே சென்று வந்தேன். மியூனிச்சிலிருந்து இன்ஸ்புருக், அங்கிருந்து பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலியின் போல்சானோ, வெரோனா, மிலான், திரும்புங்கால் சுவிட்சர்லாந்தின் லுகானோ, கோட்ஹார்டு சுரங்கப்பாதை, சூரிக், பின்னர் ஆஸ்திரியாவின் பிரெகன்ஸ் ஓரமாக மீண்டும் மியூனிச். நான்கு நாடுகள், ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், ஐந்து நாட்கள். போகும்போது மலையின் மேலும், வரும்போது மலையின் கீழும் சென்றோம். ஆதலின் இருவகை வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

முதலில் வண்டியின் ஆயத்தத்தைச் சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் அந்நாடுகளில் கார்களுக்கு வேறு டயர்கள் பூட்டுகின்றனர். கோடைக்கால டயரின் ரப்பர், வெப்பநிலை ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பர் சாலையைப் பற்றாது. பனிக்கால டயரோ குளிரிலும் மென்மை மாறாத கலவையால் ஆனது. மேலும் அதன் முகப்பில் எண்ணற்ற மெல்லிய கீறல்கள் உண்டு. அக்கீறல்களின் விளிம்புகள் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. மூன்று கொடுமுடிகள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனிப்படிகமும் பொறித்த சின்னமே இத்தகைய டயரின் அடையாளம். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், பனி படிந்த சாலையில் செல்வதற்கு இச்சின்னம் உடைய டயர்களே ஏற்கப்படுகின்றன. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, பனியும் உறைநீரும் சாலையில் இருக்கும் நாட்களில் இவை கட்டாயம். டயரின் பள்ளங்கள் குறைந்தது 4 மில்லிமீட்டர் ஆழம் இருத்தல் வேண்டும். சுவிட்சர்லாந்தில் இவ்வாறு நாள் குறித்த சட்டம் இல்லை. எனினும், தகாத டயரோடு சென்று விபத்துக்குக் காரணமானவர் அதற்குப் பொறுப்பேற்க நேரிடும்.

இக்கட்டுப்பாடுகள் வெறும் சம்பிரதாயமல்ல என்பதைக் கணக்கே காட்டும். இயற்பியல் பயிலும் மாணவர்கள் உராய்வுக் குணகம் என்பதை அறிவர். உலர்ந்த தார்ச்சாலையில் டயருக்கு அது ஏறக்குறைய 0.8, இறுகிய பனியில் 0.2, வழுக்கும் பனிக்கட்டியில் 0.1 எனக் கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடித்தபின் உலர்ந்த சாலையில் சுமார் 12 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் அதே கார் நிற்க 49 மீட்டர் வேண்டும். பனிக்கட்டியிலோ 98 மீட்டர் வேண்டும். நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், வேகத்தைப் பாதியாக்கினால் தூரம் கால்பங்காகக் குறையும். பனிக்கட்டியில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு ஏறக்குறைய 25 மீட்டரே போதும். 'மெதுவாகச் செல்' என்ற அறிவுரையை முதியோரின் அச்சம் என்று எண்ணுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

செங்குத்தான சாலைகளில் பனி மிகும்போது டயரும் போதாது. அதன்மேல் இரும்புச் சங்கிலி பூட்ட வேண்டும். நீல வட்டத்துள் சங்கிலி சுற்றிய சக்கரம் வரைந்த பலகை நட்ட இடத்துக்கு அப்பால், சங்கிலியில்லாமல் போகலாகாது. இயந்திர விசை எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகின்றதோ அவற்றிலேயே அதைப் பூட்ட வேண்டும். பூட்டியபின் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது. விறைத்த விரல்களோடு, கொட்டும் பனியில், இருட்டில் இதை முதன்முறையாகக் கற்றுக்கொள்ள முயல்வது வீண். ஆகவே என் மகனும் மருமகளும் புறப்படுவதற்கு முதல்நாளே வீட்டு வாயிலில் அச்சங்கிலியை இருமுறை பூட்டிக் கழற்றிப் பழகிக்கொண்டனர். அங்குப் பொழுதும் குறுகியது. டிசம்பர் இறுதியில் மியூனிச்சில் கதிரவன் காலை எட்டு மணியளவில் உதித்து, மாலை நாலரைக்குள் மறைந்துவிடும். கம்பளி, குடிநீர், உணவு, கைவிளக்கு, முதலுதவிப் பெட்டி, முக்கோண எச்சரிக்கைப் பலகை, ஒளிரும் மேற்சட்டை ஆகியவை வண்டியில் இருந்தன.

இனி, சாலையைப் பற்றிப் பார்ப்போம். பனி பொழியத் தொடங்கியதும் பனி ஒதுக்கும் வண்டிகள் வரிசையாகப் புறப்படுகின்றன. அவற்றின் முன்புறம் அகன்ற அலகு பனியை ஓரத்துக்குத் தள்ள, பின்புறம் உப்பு தூவப்படுகிறது. தூய நீர் 0 டிகிரியில் உறையும். உப்பு கலந்த நீரோ அதற்கும் கீழே சென்றாலன்றி உறையாது. செறிந்த உப்புக்கரைசல் ஏறக்குறைய −21 டிகிரி வரை நீர்மமாகவே நிற்கும். ஆயினும், சாலையில் தூவும் உப்பு அத்துணைக் கடுங்குளிரில் மிக மெதுவாகவே வேலை செய்வதால், −10 டிகிரிக்குக் கீழே அதன் பயன் பெரிதும் குறைகிறது. உப்பைச் சிறிது நனைத்துத் தூவினால் காற்றில் பறக்காமல் சாலையில் ஒட்டும். குறைந்த அளவே போதும். உப்பு ஓரத்து மரங்களின் வேரையும் வண்டியின் இரும்பையும் அரிக்கும் என்பதால், இச்சிக்கனம் வேண்டற்பாலது.

வழியில் ஒரு பாலத்தை நெருங்கியபோது, "தாத்தா, சாலையில் ஈரம்தானே இருக்கிறது, பாலத்துக்கு மட்டும் ஏன் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள்?" என்று என் பேரன் வினவினான். நல்ல வினா. தரையின்மேல் கிடக்கும் சாலைக்கு மண்ணில் தேங்கிய வெப்பம் கீழிருந்து கிடைக்கிறது. பாலத்துக்கு அந்த ஆதரவு இல்லை. மேலும் கீழும் குளிர்ந்த காற்றே சூழ்ந்துள்ளது. ஆதலின் சாலை ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும். அவ்வாறு உறையும் மெல்லிய பனிக்கட்டி நிறமற்றது. அடியிலுள்ள கரிய சாலையே அதனூடே தெரிவதால், கண்ணுக்கு வெறும் ஈரம்போல் தோன்றும். பொழியும் பனியைவிட இக்காணாப் பனிக்கட்டியே மிகுதியும் அஞ்சத்தக்கது.

இன்ஸ்புருக் நகரம் கடல்மட்டத்துக்கு 574 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்தில் 1,370 மீட்டர் உயரமுள்ள பிரென்னர் கணவாய் இருக்கிறது. முக்கியமான ஆல்ப்ஸ் கணவாய்களுள் இது தாழ்ந்தது. ஆதலால் ஆண்டு முழுதும் திறந்திருக்கிறது. உரோமர் காலத்திலேயே இங்குச் சாலை உண்டு. 1867-இல் இருப்புப்பாதை வந்தது. ஏறும் வழியில், 1963-இல் திறக்கப்பெற்ற ஐரோப்பாப் பாலம் ஏறக்குறைய 190 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. கீழே பார்த்தால் வீடுகள் தீப்பெட்டிகளைப்போல் தோன்றுகின்றன.

இப்பகுதியில் 'ஃபோன்' என்றொரு காற்று உண்டு. நடுக் குளிர்காலத்திலும் சில நாட்களில் திடீரென்று வெப்பக் காற்று வீசிப் பனியை உருக்கிவிடும். பனிமலையிலிருந்து சூடான காற்று வருவது முரணாகத் தோன்றலாம். காரணம் இதுவே: தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறும்போது குளிர்ந்து மேகமாகி மழையும் பனியும் பொழிகிறது. நீராவி குளிர்ந்து நீராகும்போது, உள்ளுறை வெப்பம் வெளிப்படுவதால், அக்காற்று 100 மீட்டருக்கு ஏறக்குறைய 0.6 டிகிரி மட்டுமே குளிர்கிறது. ஈரத்தை இழந்து மறுபுறம் இறங்கும்போதோ 100 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் சூடேறுகிறது. ஆகவே புறப்பட்ட இடத்தின் அதே உயரத்தை மறுபுறம் அடையும்போது, முன்னிருந்ததைவிட வெப்பமாகவும் உலர்ந்தும் இருக்கிறது. ஒரே இரவில் பனி உருகி, மறுநாள் குளிர் திரும்பினால், உருகிய நீர் சாலையில் உறைந்து கண்ணாடியாகிவிடும். வண்டியோட்டி வானிலை அறிக்கையைக் கேட்டே புறப்பட வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

கணவாயின் உச்சியில் ஆஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கின்றன. தென் டைரோல் நாடு முதல் உலகப்போருக்குப்பின் 1919 உடன்படிக்கையால் இத்தாலிக்குச் சென்றது. அன்றுமுதல் இவ்வெல்லை பலர் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று. 1940 மார்ச்சில் ஹிட்லரும் முசோலினியும் சந்தித்ததும் இப்பிரென்னர் நிலையத்திலேயே. இன்று அங்கே வண்டியை நிறுத்துவாரின்றிக் கடந்தோம். போல்சானோவை நெருங்கும்போது ஊர்ப்பெயர்ப் பலகைகளில் இத்தாலிய மொழியும் ஜெர்மன் மொழியும் அருகருகே நின்றன. 1985 ஜூன் 14 அன்று, லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரருகே, மோசல் ஆற்றில் ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட உடன்பாட்டின் பயன் இது. 1995-இல் அது நடைமுறைக்கு வந்தது. 1998-இல் பிரென்னரின் தடுப்புக் கம்பம் அகற்றப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்தும் 2008-இல் இவ்வுடன்பாட்டில் கலந்துகொண்டது. எனினும் எய்திய நன்மை என்றும் நிலைத்தது என்று எண்ணிவிடலாகாது. 2015-இல் ஜெர்மனி தன் ஆஸ்திரிய எல்லையில் மீண்டும் சோதனை தொடங்கியது. நாங்கள் திரும்பி வரும்போது அங்கே காத்து நின்றோம். கடவுச்சீட்டை எப்போதும் கையில் வைத்திருப்பதே அறிவுடைமை.

பனிக்காலப் பயணத்தின் பேரபாயம் பனிச்சரிவு. மலைச்சரிவில் பனி ஒரேநாளில் படிவதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. இடையில் ஓர் அடுக்கு உறுதியற்றதாக அமைந்துவிட்டால், அதன்மேல் கனத்துக் கிடக்கும் பனிப்பாளம் முழுதும் ஒரு நொடியில் நழுவும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே இது பெரிதும் நிகழ்கிறது. அதனினும் செங்குத்தான இடத்தில் பனி மிகுதியாகத் தங்குவதில்லை. சாய்வு குறைந்த இடத்தில் எளிதில் நழுவுவதில்லை.

1950–51 குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் நாடுகளில் 260-க்கும் மேற்பட்டோர் பனிச்சரிவுகளால் மாண்டனர். 1999 பிப்ரவரி 23 அன்று, இன்ஸ்புருக்கிற்கு மேற்கேயுள்ள பாஸ்னவுன் பள்ளத்தாக்கில், கால்ட்யூர் என்னும் ஊரின்மேல் பனிச்சரிவு பாய்ந்து 31 பேர் உயிரிழந்தனர். மறுநாள் அருகேயுள்ள வால்சூரில் எழுவர் மாண்டனர். சாலை மூடிக்கிடந்ததால், அகப்பட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் ஹெலிகாப்டர்கள் மூலமே வெளியேற்றப்பட்டனர். பின்னர் கால்ட்யூர் மக்கள் ஊருக்கும் மலைக்கும் இடையே ஒரு பெருமதில் எழுப்பி, அதனோடு சேர்த்து ஒரு கண்காட்சிச் சாலையும் கட்டினர். காக்கும் சுவரே நினைவுச் சின்னமும் ஆயிற்று.

பனிச்சரிவைத் தடுக்க அவர்கள் கையாளும் முறைகள் பல. சரிவு தொடங்கும் உச்சியில் வரிசை வரிசையாக எஃகு வேலிகள் நட்டுப் பனியைத் தாங்குகின்றனர். சாலையின்மேல் சாய்வான கூரை அமைத்து, பனி அதன்மேல் வழிந்தோடச் செய்கின்றனர். பனி பெருமளவில் திரளுமுன் வெடி வைத்துச் சிறிது சிறிதாகச் சரியவிடுகின்றனர். இவை எல்லாவற்றிலும் பழைமையானது காடு. கோட்ஹார்டு அருகேயுள்ள ஆண்டர்மாட் மக்கள், தம் ஊருக்கு மேலுள்ள காட்டில் ஒருவரும் மரம் வெட்டலாகாது என்று 1397-ஆம் ஆண்டிலேயே ஆணை எழுதி வைத்தனர். இயற்பியல் நூல் கல்லாத அவ்வுழவர்கள், நிற்கும் மரம் ஒவ்வொன்றும் பனியைப் பிடித்து நிறுத்தும் ஓர் ஆணி என்பதை அனுபவத்தால் உணர்ந்திருந்தனர்.

இவற்றோடு அறிவியலும் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள பனி ஆராய்ச்சி நிலையம், பனியின் அடுக்குகளை ஆய்ந்து, குளிர்காலத்தில் நாள்தோறும் அபாய அறிவிப்பு வெளியிடுகிறது. 1993 முதல் ஐரோப்பிய நாடுகள் ஒன்று முதல் ஐந்து வரையான ஒரே அபாய அளவையைக் கைக்கொண்டுள்ளன. ஆகவே மொழி மாறினாலும் எண் மாறுவதில்லை. அபாயம் மிகும்போது சாலையையே மூடிவிடுகின்றனர். மூடிய சாலையின் முன் நின்று முணுமுணுப்போர் எங்கும் உண்டு. ஆனால் சரிவில் புதையுண்டவரை முதல் பத்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பர். அதன்பின் ஒவ்வொரு நிமிடமும் நம்பிக்கை குறையும். இதனை அறிந்தவர் காத்திருப்பதைத் துன்பமாகக் கருதார்.

இனி, மலையின் கீழ்ச் செல்லும் வழியைக் காண்போம். கோட்ஹார்டு கணவாய் 2,106 மீட்டர் உயரமுடையது, குளிர்காலத்தில் மூடப்பட்டுவிடும். எனவே மனிதன் மலையைத் துளைக்கத் துணிந்தான். 1872-இல் தொடங்கிய 15 கிலோமீட்டர் இருப்புப்பாதைச் சுரங்கம் 1882-இல் திறக்கப்பட்டது. அதற்குக் கொடுத்த விலை பெரிது. ஏறக்குறைய 200 தொழிலாளர் உயிரிழந்தனர். 1875-இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து நால்வர் மாண்டனர். அப்பணியை ஏற்று நடத்திய லூயி ஃபாவ்ர் என்பாரும், 1879-இல் அச்சுரங்கத்தினுள்ளேயே உயிர்நீத்தார். இருமுனைத் துளைகளும் மறு ஆண்டுதான் ஒன்று கூடின. தென்முனையான ஏரோலோ நிலையத்தில், மாண்ட தொழிலாளர் நினைவாகச் சிற்பி வின்சென்சோ வேலா வடித்த புடைப்புச் சிற்பம் இன்றும் நிற்கிறது.

மோட்டார் வண்டிகளுக்கான கோட்ஹார்டு சுரங்கப்பாதை 1980 செப்டம்பரில் திறக்கப்பட்டது, நீளம் 16.9 கிலோமீட்டர். நாங்கள் ஏரோலோவில் உள்ளே நுழைந்தபோது நல்ல வெயில்; கால்மணி நேரங்கழித்துக் கோஷெனனில் வெளிவந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. மலை இரு வானிலைகளைப் பிரிக்கும் சுவர் என்பதை அந்தக் கால்மணி நேரம் குழந்தைகளுக்குக் கற்பித்துவிட்டது.

ஆயின், பனியிலிருந்து காக்கும் சுரங்கம் வேறோர் அபாயத்தைத் தன்னுள் கொண்டுள்ளது, அதுவே தீ. 1999 மார்ச் 24 அன்று, பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் 11.6 கிலோமீட்டர் மோன் பிளாங்க் சுரங்கப்பாதையில், மாவும் மார்ஜரின் என்னும் செயற்கை வெண்ணெயும் ஏற்றிச்சென்ற லாரி ஒன்று தீப்பற்றியது. 39 பேர் மாண்டனர். தீ இரண்டு நாட்களுக்கும் மேலாக எரிந்தது. பாதை மூன்றாண்டுகள் மூடிக்கிடந்தது. அச்சுரங்கத்தில் இருமுனையிலும் தனித்தனிக் கட்டுப்பாட்டு அறைகள் இருந்தன; ஒன்றின் செயல் மற்றதற்கு இசையவில்லை. ஒதுங்குவதற்கு அறைகள் இருந்தன. ஆனால் அவற்றிலிருந்து வெளியேறத் தனிவழி இல்லை. சில மணி நேரம் மட்டுமே தாங்கவல்ல அவ்வறைகள், நாட்கணக்கில் எரிந்த தீயின்முன் பயன்படவில்லை.

2001 அக்டோபர் 24 அன்று கோட்ஹார்டு சுரங்கத்தில் இரு லாரிகள் மோதித் தீ மூண்டது. அவற்றுள் ஒன்றில் டயர்கள் ஏற்றப்பட்டிருந்தன. 11 பேர் உயிரிழந்தனர். இதுவும் பெருந்துயரமே. ஆயினும் கட்டும்போதே அங்கு ஒரு முன்யோசனை இருந்தது. வண்டிகள் செல்லும் பாதைக்கு இணையாக மற்றொரு சிறு சுரங்கம் அகழப்பட்டு, ஏறக்குறைய 250 மீட்டருக்கு ஒன்றாகக் கதவுகள் அமைக்கப்பட்டிருந்தன. அக்கதவுகளைத் திறந்து பலர் நடந்தே தப்பினர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவருக்கும் பயன்படாததுபோல் கிடந்த வழி, ஒருநாள் பல குடும்பங்களைக் காத்தது. காப்புக்குச் செய்யும் செலவை வீண்செலவு என்பவருக்கு இதனினும் சிறந்த மறுமொழி இல்லை.

இத்துயரங்களுக்குப்பின் விதிகள் மாறின. மோன் பிளாங்க் சுரங்கம் ஒரே கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. கோட்ஹார்டில் லாரிகள் இடைவெளி விட்டு, சொட்டுச் சொட்டாக நீர் விழுவதுபோல் ஒவ்வொன்றாக உள்ளே விடப்படுகின்றன. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியம் நீண்ட சுரங்கங்களுக்கெல்லாம் குறைந்தபட்சக் காப்பு விதிகளை வகுத்தது. பயணிகளும் சில முறைகளை அறிந்திருத்தல் வேண்டும்: முன்வண்டிக்குப் போதிய இடைவெளி விட வேண்டும்; வானொலியைத் திறந்து வைக்க வேண்டும்; புகையைக் கண்டால் வண்டியைத் திருப்ப முயலாது, ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, சாவியை வண்டியிலேயே விட்டு, பச்சை விளக்குக் காட்டும் கதவை நோக்கி உடனே நடக்க வேண்டும். பெட்டியை எடுக்கத் திரும்புவது உயிருக்கு உலை. அக்கதவுகளை எண்ணிக்கொண்டே வரும்படி பேரனிடமும் பேத்தியிடமும் சொன்னேன். விளையாட்டாக எண்ணினர், ஆனால் அக்கதவு எப்படி இருக்கும் என்பது இனி அவர்களுக்கு மறவாது.

பிரென்னர் சாலையில் ஓரிடத்தில் விபத்தொன்றினால் போக்குவரத்துத் தேங்கியது. வேகம் குறையத் தொடங்கியதுமே இடப்புற வரிசையிலிருந்த வண்டிகள் இன்னும் இடப்புறமாகவும், ஏனையவை வலப்புறமாகவும் ஒதுங்கின. நடுவே ஓர் ஆம்புலன்ஸ் போகுமளவு வெற்றிடம் தோன்றிற்று. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இது சட்டம். "ஆம்புலன்ஸ் இன்னும் வரவே இல்லையே, தாத்தா! யாருக்காக ஒதுங்குகிறார்கள்?" என்றாள் பேத்தி. வந்தபின் ஒதுங்க இடமிராது. வருமுன் ஒதுங்கினால்தான் வழி உண்டாகும் என்று அவள் தாய் விளக்கினாள். சற்று நேரத்தில் நீலவிளக்கு வண்டிகள் மூன்று அந்த இடைவெளியில் தடையின்றிப் பாய்ந்து சென்றன. முன்னே எவர் அடிபட்டுக் கிடந்தாரோ, நாங்கள் அறியோம்.

இம்மலைவழிகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பிரென்னர் வழியாக மட்டும் ஆண்டுதோறும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகள் செல்கின்றன. பள்ளத்தாக்கில் வாழ்வோர் அப்புகையையும் இரைச்சலையும் பொறுக்க வேண்டியுள்ளது. 1994-இல் சுவிஸ் மக்கள், தம் நாட்டின் ஊடே செல்லும் சரக்கை இருப்புப்பாதைக்கு மாற்ற வேண்டும் என்று வாக்களித்தனர். அந்நோக்கத்துக்குத் துணையாக, 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்டு அடிவாரச் சுரங்க இருப்புப்பாதை 2016-இல் திறக்கப்பட்டது. பிரென்னரின் அடியிலும் 55 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதைச் சுரங்கம் அகழப்பட்டு வருகிறது. பயணியின் வசதி மட்டும் கருதத்தக்கதன்று; வழியில் வாழ்வோரின் மூச்சும் கருதத்தக்கதே.

ஆக, ஆல்ப்ஸைக் கடக்கும் வழியைத் திறந்து வைத்திருப்பவை யாவை? டயரின் ரப்பர், உப்புத் தூவும் வண்டி, எஃகு வேலி, டாவோஸின் எண்ணளவை, சுரங்கத்தின் பக்கக் கதவு, எல்லையில் அகற்றிய கம்பம் ஆகிய அனைத்துமே. ஆனால் இவற்றுள் எதுவும் தானே இயங்குவதன்று. நள்ளிரவில் எழுந்து பனி ஒதுக்குபவர் ஒருவர் வேண்டும். அறிவிப்பைக் கேட்டுப் பயணத்தை ஒத்திவைக்கும் வண்டியோட்டி வேண்டும். வராத ஆம்புலன்சுக்கு வழிவிடும் அயலார் வேண்டும். ஒரு குடும்பம் பனிக்காலத்தில் நலமே ஊர் சேர்கிறது என்றால், முகமறியாத பல்லாயிரவர் அன்று தத்தம் கடமையைச் செய்தனர் என்பது பொருள். மாணவர்களாகிய நீங்கள் நாளை பொறியாளராகலாம், ஆட்சியாளராகலாம், வண்டியோட்டியாகலாம். ஆண்டர்மாட் உழவர்கள் 1397-இல் வெட்டாது விட்ட மரங்களின் பயனை, அவர்கள் பெயர்கூட அறியாத மக்கள் பின்னர் பல நூற்றாண்டுகள் துய்த்தனர். அத்தகைய ஒரு மரத்தையேனும் நிற்கவிடுவது, எத்தொழிலில் இருப்பவர்க்கும் இயலும்.